கோடிட்ட இடத்தை நிரப்புக

கணவனின் நாடித்துடிப்புக் கோடு அன்றைக்கு ரொம்ப அழகாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

மீன் குளிர்க்கிடங்கின் கண்காணிப்பு அறையில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. உள்ளே போகிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. துடிப்பையும், நிற்கும் இடத்தையும் அது விடாமல் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். துடிப்பு நின்றால் அலாரம் அலறும். சுவர்களில் குளிரை அளக்கும் சென்சார்கள். அந்தக் குளிரில் பேட்டரிகள் செத்துச் செத்துப் பிழைப்பதால், திரையில் ஓடும் கோடுகள் நடுநடுவே அறுந்துபோகும்.

"பள்ளிக்கூடத்துல கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு கேப்பாங்கல்ல? அதேதான் தங்கச்சி," என்று அதற்கு வழி சொல்லிக் கொடுத்தார் ஆபரேட்டர். தடித்த கண்ணாடியால் 'சோடாபுட்டி' என்று பெயர் வாங்கியவர். "தகவல் வராத இடத்துல, நேத்து எப்படி இருந்துச்சுன்னு பாத்து மெஷினே நிரப்பிக்கும்."

அன்று வார விடுமுறை. கிடங்கில் மூன்றே பேர். ஃபிட்டர் வேலை பார்க்கும் அவள் கணவன், காலையிலேயே கடைசி அறைக்குப் பேட்டரி மாற்றப் போயிருந்தான்.

"இன்ஜினியரம்மா, ஸ்கிரீன்ல என்னையே பாத்துட்டு இரு. வேற எவளையாவது நெனச்சா துடிப்பு எகிறும், கையும் களவுமா மாட்டிப்பேன்," என்று கண்ணடித்துவிட்டுப் போனவன்.

மதியம் தாண்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெயில் தகித்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர், அந்தப் பக்கத்துக் குளிரைக் கசியவிட்டுக்கொண்டும், கம்ப்ரசரின் உறுமலை அடித்தொண்டையில் முனகிக்கொண்டும், பழைய மீன் வாடையை மெல்ல மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டும் இருந்தது.

"அண்ணே, இவர் இன்னும் வரலையே."

"மாப்ளே உள்ளதானே இருக்கார்? துடிப்பு குதிரை மாதிரி ஓடுது பாரு. கொஞ்ச நேரம் புருஷனை விட்டுட்டு இருக்க முடியலையா?"

அவள் கை ரேடியோவில் அவனைக் கூப்பிட்டாள். இரைச்சல் மட்டும் வந்தது.

திரையில் கோட்டைப் பெரிதாக்கினாள். ஏணி ஏறியதுபோல ஒரு மேடு. அதையடுத்து, சின்னதாக இரண்டு குதிப்பு. எங்கோ பார்த்தது. நேற்றும் அவன் அதே அறையில்தான் வேலை செய்தான். நேற்றைய கோட்டை எடுத்து இன்றைய கோட்டின் மேல் வைத்தாள்.

ஒரே கோடுதான் தெரிந்தது. மயிரிழை விலகவில்லை.

காலையில் பழகிப் பார்க்க, ஆபரேட்டர் சொன்ன அந்த நிரப்பலைப் போட்டவள் அவள்தான். சுவர்ச் சென்சார்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தாள். கிடங்கு முழுவதற்கும் போட்டிருக்கிறாள். மனிதர்களுக்கும் சேர்த்து.

அதை எடுத்துவிட்டாள்.

கோடு மறைந்தது. அவன் உள்ளே போன சற்று நேரத்திலிருந்து, வெறுமை. அலாரம் அலறத் தொடங்கியது.

"ஐயோ, அண்ணே!"

"ஓடு தங்கச்சி! நான் ஆம்புலன்சைக் கூப்பிடறேன்!"

குளிர் அங்கியைக்கூட எடுக்காமல், ரேடியோவோடு ஓடினாள். நீண்ட நடைவழி. கனத்த கதவு. வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் திரை முகத்தில் அறைந்தது. உள்ளே வெண்பனி மூட்டம். பெட்டிகள். பெட்டிகளுக்குப் பின்னால் பெட்டிகள். ஒவ்வொரு மூச்சும் வெள்ளைப் புகையாய்க் கிளம்பிக் கண்ணை மறைத்தது.

சரிந்த ஏணி.

அதன் கீழே அவன்.

தலையைத் தூக்கி மடியில் போட்டாள். கன்னம் கல்லாக இருந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்தாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். மணிக்கட்டுப் பட்டையில் வெளிச்சமே இல்லை.

"எந்திரிங்க. நான் பண்ணின தப்புதான். என்னைத் திட்டுறதுக்காவது எந்திரிங்க..."

இமைகளில் பனி பூத்திருந்தது. அசையவில்லை.

ரேடியோ கரகரத்தது.

"தங்கச்சி, அலாரம் காதைப் பிளக்குது. போன்ல ஒண்ணும் கேக்கல. நிரப்பலைத் திரும்பப் போட்டுட்டேன்."

அலாரம் நின்றது. அந்த அமைதியில், ரேடியோவுக்குள் ஒரு கதவு திறந்தது. நாற்காலி நகர்ந்தது.

"அட, மாப்ளே! வாங்க வாங்க! எங்க உயிரே போயிடுச்சு!"

அவள் மடியைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். கல்.

"எங்க நம்ம இன்ஜினியரம்மா?"

அவன் குரல். ரேடியோவிலிருந்து.

"உங்களைத் தேடித்தான் உள்ள ஓடியிருக்கா."

"அப்படியா? இருங்க, நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"அண்ணே! அவரை விடாதீங்க! அண்ணே, இவர் இங்க இருக்காரு!" பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினாள். பதில் இல்லை. நடைவழியில் காலடிகள். அவசரமில்லாத காலடிகள்.

மடியில் கிடந்தவனை இழுக்கப் பார்த்தாள். முதுகு தரையோடு உறைந்திருந்தது. விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. ஓட வேறு வழியும் இல்லை. அவன் முகத்தைச் சேலையால் மூடி, இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பிளாஸ்டிக் திரை விலகியது.

அதே சட்டை. அதே சிரிப்பு. மணிக்கட்டில் பச்சை வெளிச்சம்.

"வா, போகலாம்," என்றான்.

அவன் வாயிலிருந்து புகை வரவில்லை.