வெறுநடை

முதுகலை முதலாண்டிலேயே ஜெசிந்தா தன் நடையைத் தொலைத்துவிட்டாள். தொலைத்ததற்கு வகுப்பில் முதல் மதிப்பெண்ணும் வாங்கினாள்.

செயற்கை உறுப்பியல் படிக்க வருகிற எல்லோரும் முதலில் தொலைக்க வேண்டியது அதைத்தான். காரணம், பழகுகால். கால் போனவர்களுக்குப் பொருத்துகிற அந்தக் கால் நாய்க்குட்டி மாதிரி. முதலில் யார் மாட்டிக்கொண்டு நடக்கிறார்களோ அவர்களுடைய நடையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு லேசில் விடாது. நோயாளிக்கே நேராக மாட்டிவிடலாமே என்பீர்கள். மாட்டிப் பார்த்தார்கள். விழுந்துவிடுவோமோ என்று அவர் நடுங்கி நடுங்கி வைக்கிற முதல் அடிகளில் அது பயத்தைக் கற்றுக்கொண்டது. பயத்தைப் படித்த கால் அப்புறம் வேறு பாடம் படிக்காது. பாளையங்கோட்டையில் ஒருவருடைய கால் வாசற்படியைக் கண்டாலே திரும்பி வீட்டுக்குள் போய்விடும். சொந்த மகள் கல்யாண ஊர்வலத்தை அவர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்.

ஆகவே மாணவர்கள் தங்கள் முழங்காலை மடக்கிக் கட்டி, அதன்கீழ் பழகுகாலை மாட்டி, நடந்து பழக்கிக் கொடுப்பார்கள். மாணவருடைய நடை நோயாளிக்கு ஒட்டிவிடக் கூடாதே? அதற்காகத்தான் வெறுநடை. ஊர், வயசு, கோபம், செருப்புக்கடி எதுவும் தெரியாத நடை. அதைக் கற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பும்போது, குரைப்பதா வாலாட்டுவதா என்று தெரியாமல் நாய்கள் உட்கார்ந்துவிடும். பேராசிரியர் தாணுமூர்த்தி முப்பது வருடமாக வெறுநடை நடக்கிறவர். தான் வீட்டுக்குள் வந்தது மனைவிக்குத் தெரியட்டும் என்று இடுப்பில் ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருந்தார்.

முதலாண்டுத் தேர்வில் ஜெசிந்தா நடந்து காட்டியபோது அவர் நெகிழ்ந்துபோனார். "பாருங்க மேடம், இந்தப் பொண்ணுக்கு நடையே இல்லை!" என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளரிடம். அந்த அம்மாள் தலையாட்டி, வாய்விட்டுப் பாராட்டினார்.

சொந்த ஊர் மணப்பாட்டுக்குப் போன் போட்டு ஜெசிந்தா இந்த நல்ல செய்தியைச் சொன்னாள். எடுத்தது கடற்கரையில் மீன் விற்கிற அவள் அம்மா சூசையம்மாள்.

"படிக்கப் போயி நடையத் தொலச்சிட்டியாட்டி? அத வச்சித்தான கோயில் கூட்டத்துல ஒன்ன கண்டுபிடிப்பேன்" என்றாள்.

இரண்டாமாண்டில் ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு கால், அதுதான் தேர்வு. ஜெசிந்தாவுக்குக் கிடைத்தவர் நடத்துநர் மாசிலாமணி. அந்தக் காலத்துப் பேருந்துகள் ஓட்டுநர் இல்லாமல் தாமாகவே ஓடக் கற்றிருந்தன. படியில் தொங்குகிறவர்களைத் திட்டி உள்ளே ஏற்ற மட்டும் கற்கவில்லை. அதனால் நடத்துநர்கள் இருந்தார்கள். பணிமனையில் நடந்த விபத்தில் மாசிலாமணிக்கு வலது கால் போய்விட்டது. தேர்வாளர்கள் சரி என்றால் பழைய வண்டி. இல்லையென்றால் பணிமனையில் ஒரு நாற்காலி.

"நாற்காலின்னா என்ன கொன்னு போட்டிரு தாயி," என்றார் மாசிலாமணி. "இருவத்தாறு வருசம் நின்னுக்கிட்டே சம்பாரிச்சவன். உக்காந்தா எனக்குக் கொட்டாவிதான் வரும்."

வெறுநடை பழக்கிய காலோடு அவரைச் சோதனைக்காக ஒரு பேருந்தில் ஏற்றினாள். தானோடிப் பேருந்துக்கு ஆடு என்றால் ஆகாது. அரை மைல் தூரத்தில் ஆட்டைக் கண்டாலும் பிரேக் போடும். போட்டது. மாசிலாமணி ஒரு புதுமாப்பிள்ளை மடியில் போய் உட்கார்ந்தார். கூட வந்த பெண்வீட்டார் கடைசிவரை சிரிக்கவில்லை.

வெறுநடைக்குத் தரை ஆடாமல் இருக்க வேண்டும். ஜெசிந்தாவுக்கு அது புரிந்தது. அந்தக் காலை அப்படியே வைத்துவிட்டு, இன்னும் பழக்காத புதுக்கால் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, மாசிலாமணியை முன்சீட்டில் உட்காரவைத்து, திருச்செந்தூர் வண்டியில் தானே நடத்துநராக ஏறினாள்.

"உள்ள போங்கன்னு சொல்லு தாயி."

"உள்ள போங்க..."

"கெஞ்சாத. எவனும் அசைய மாட்டான். வயித்துலேர்ந்து வரணும்!"

முதல் வாரம் அவள் விழாத மடி இல்லை. அப்புறம் விழுவது நின்றது. வண்டி குலுங்கினால் குதிகால் கொஞ்சம் புதையும், பாதம் வெளிப்பக்கமாக ஒரு சுழற்றுச் சுழற்றும், உடம்பு நிமிர்ந்துவிடும். எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. டிக்கெட் கொடுப்பாளா, யோசிப்பாளா? இறங்கித் தரையில் கால் வைத்தால் பழையபடி வெறுநடைதான்.

கால் பழகியதும் மாசிலாமணிக்குப் பூட்டினாள். பேருந்து ஆட்டைக் கண்டது. பிரேக் போட்டது. எல்லோரும் சாய்ந்தார்கள். மாசிலாமணி மட்டும் நின்றார். கொஞ்ச நாளில் அவருடைய இடது காலும் வலது காலுக்கு ஒத்துப்போய்விட்டது.

தேர்வன்று சூசையம்மாள் கருவாட்டுப் பையோடு வந்து தேர்வுக்கூட வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதவு பாதிக் கதவு. கீழே இடைவெளியில் நடப்பவர்களின் கால் மட்டும்தான் தெரியும். உள்ளே மாசிலாமணி நடந்து காட்டினார். போன வருடம் வந்த அதே வெளித்தேர்வாளர் முகத்தில் திருப்தி.

"ஏட்டி ஜெசிந்தா!" என்று வெளியிலிருந்து ஒரு சத்தம். "நடை வந்துட்டாட்டி? நா பாத்துட்டேன். நம்ம மணல்ல நடக்க மாதிரியேல்லா நடக்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், அந்தக் கால்களுக்கு மேலே பெரிய மீசையைக் கண்டதும் பையைக் கீழே போட்டாள்.

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலடியில் நழுவுகிற மணலில் நிற்கப் பழகிய நடை. ஓடுகிற வண்டியும் நழுவுகிற தரைதானே. விழுந்துவிடக் கூடாது என்ற அவசரத்தில் உடம்பு எங்கேயோ ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறது, கால் வாங்கிக்கொண்டது.

வெளித்தேர்வாளர் பேனாவை மூடினார். "மாணவரோட சுவடு இருக்கு. விதிப்படி இந்தக் காலை அழிச்சிடணும். இவருக்கு இனி வண்டி கிடையாது."

மாசிலாமணி மெல்ல ஒரு நாற்காலியைப் பார்த்தார். ஜெசிந்தா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "தப்பு என்னோடது மேடம். என்னை ஃபெயிலாக்குங்க, காலை விட்டுடுங்க."

பேராசிரியரின் சாவிக்கொத்து லேசாகக் குலுங்கியது.

"யாரோட சுவடு மேடம்?"

"இந்தப் பொண்ணோடது. பெத்த தாயே சொல்றாங்களே."

"இவளுக்கு நடையே இல்லைன்னு போன வருஷம் சொன்னேன். நீங்களும் பாராட்டினீங்க. இல்லாத நடை எப்படி ஒட்டும்?"

அந்த அம்மாள் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். நடை இருந்தது என்றால் போன வருடப் பாராட்டு பொய். அது அவருடைய சொந்த வாயிலிருந்து வந்தது. நீண்ட யோசனைக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார்: "அப்படின்னா இது நோயாளியோட சொந்த நடை. பாஸ்."

மாசிலாமணி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார்.

வெளியே முற்றத்தில் சூசையம்மாள் மகளைப் பிடித்துக்கொண்டாள். "நடந்து காட்டுட்டி."

ஜெசிந்தா நடந்தாள். குதிகால் புதையவில்லை, பாதம் சுழலவில்லை. தரை ஆடாத இடத்தில் அவளுக்கு அது வரவில்லை. யாரோ பெற்ற மகள் நடக்கிற மாதிரி இருந்தது. சூசையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா," என்றார் மாசிலாமணி. "எங்க போயிட்டு? எங்கிட்டதான இருக்கு. தாயி, என் காலப் பாத்துக்கிட்டே பின்னால வா."

அவர் முன்னால் நடந்தார். அவருடைய அடியைப் பார்த்து ஜெசிந்தா அடி வைத்தாள். ஒரு சுற்று வந்தபோது அவளுக்குப் பின்னால் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. திரும்பினாள். பேராசிரியர் தாணுமூர்த்தி வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் புதைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் ஆள் ஏறுவது அவருக்கு முதுகிலேயே தெரியும்.

"நெருக்காம வாங்க, நெருக்காம வாங்க," என்றார். "எல்லாருக்கும் எடம் இருக்கு."