வாரேன் என்று போனவர்கள்

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை மூட்டத்தை அளப்பது. ஊர்க்கிணற்றிலிருந்து வடக்கே நடந்து, நீட்டிய கை என் கண்ணுக்கே தெரியாமல் போகும் இடத்தில் நிற்பேன். அதுவரை வைத்த அடிகளைப் பலகையில் எழுதுவேன். போன வருடம் நாலாயிரத்துச் சொச்சம். இந்தச் சித்திரையில் அறுநூற்று நாற்பது. இந்த வேலைக்கு என்னை யாரும் வைக்கவில்லை. துறைமுகத்தில் ஒன்பது வருடம் கிரேன் ஓட்டியவள் நான். எதையும் அளந்து பார்க்காவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுது போகாது.

மூட்டம் என்றால் மார்கழிப் பனி இல்லை. சாம்பல் நிறத்தில் ஊரைச் சுற்றி நிற்கிற சுவர். அதற்குள் கையை விட்டால் நனையாது, குளிராது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாததால் கைக்குத் தட்டுப்படவும் ஒன்றும் இல்லை. முதலில் தெற்கே கடல் போனது. பிறகு தீவுகள், புளியங்காடு, ஆற்றின் இரண்டு பாலங்கள். கடைசியாக வடமலையும் உள்ளே போய்விட்டது. சிறைக்காவது கம்பி உண்டு, பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கலாம். இங்கே அதுவும் கிடையாது.

எங்கள் உடம்புகள் வேறோர் இடத்தில் கிடக்கின்றன. வெயில் மனிதரைக் கொல்ல ஆரம்பித்த வருடங்களில், தூத்துக்குடிக்கு மேற்கே பாறையைக் குடைந்த கூடத்தில், முந்நூற்றுப் பத்துத் துயில்படுக்கைகளில் எங்களைக் கிடத்தினார்கள். உடம்பு தூங்கும், மனசு எங்கே போகும்? அதற்கும் ஓர் உலகம் வேண்டியிருந்தது. புதிதாகச் செய்ய நேரமில்லை. ‘நெடுவெளி’ என்ற பழைய சாகச ஆட்டமும் அதை ஓட்டுகிற ஆட்டப்பெட்டி ஒன்றும் கைக்குக் கிடைத்தன. கன்சோல் என்றால் என் வயதுக்காரர்களுக்குப் புரியும். ஒரே ஆள் உட்கார்ந்து விளையாடச் செய்த பெட்டி. ஒருவருக்குச் சோறு பொங்குகிற சட்டியில் கல்யாணப் பந்திக்கு வடிக்கச் சொன்னார்கள்.

ஆட்டத்தில் கடினத்துக்கு மூன்று படிகள் உண்டு. எங்களுக்கு ‘எளிது’ என்று வைத்தார்கள். அதனால் இங்கே பூதங்கள்கூட எங்களைக் கண்டால் ஒரு உறுமல் உறுமிவிட்டு வழிவிடும். பாறையிலிருந்து குதித்தாலும் சிராய்ப்பு கிடையாது. ஒரு செருப்பைத் தொலைத்தால் மறுநாள் வாசலில் இருக்கும். எளிது என்றால் விளையாடுகிறவர் எதையும் இழக்கக் கூடாது என்று அந்தப் பெட்டிக்குப் பொருள். எங்களை இப்படிக் கட்டிப்போட்டது அந்தக் கருணைதான் என்று கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.

விழித்தெழ வேண்டுமென்றால் வடமலை உச்சிக்குப் போக வேண்டும். ஆட்டத்தின் முடிவு வாசல் அங்கே இருக்கிறது. அதைத் தாண்டினால் கூடத்தில் உடம்பு கண் திறக்கும். திரும்ப வேண்டுமென்றால் அதே படுக்கையில் வந்து படுத்தால் போதும். பத்து வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அப்படிப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. வெளியே நன்றாக இருந்தால் எதற்கு வர வேண்டும், நன்றாக இல்லையென்றால் எப்படி வர முடியும் என்று நாங்களே கேட்டு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் இன்னாசி ஏழு வருடத்துக்கு முன்னால், வெளியே என்ன நிலவரம் என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர்.

நான் போக முடியாது. எழுப்புதலை என் இதயம் தாங்காது. அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளங்கையில் ஒரு கறுப்புக் கோடு விழும். படுக்கை தேய்ந்து, இத்தனை நாளில் எழுந்தே ஆக வேண்டும் என்றால் அந்த நாள் சிவப்பு எண்ணாகக் கையில் தோன்றும். சித்திரை பத்தாம் தேதி என் மகள் அமலி கையை விரித்துக் காட்டினாள். நாற்பது என்று இருந்தது. எட்டு வயதில் என்னோடு படுத்தவள், இப்போது பத்தொன்பது. அந்த எண் தீர்வதற்குள் அவள் வாசலைத் தாண்டவில்லையென்றால் படுக்கையிலேயே செத்துப்போவாள். வாசலோ மூட்டத்துக்குள் இருந்தது.

ஊர்க்கிணற்றடியில் பெட்டியின் நிலைப்பலகை நிற்கிறது. வானிலையும் நாளும் காட்டுகிற மேல் வரிகளைத்தான் எல்லோரும் பார்ப்போம். அன்று நான் அதன் காலடியில் உட்கார்ந்து பொடி எழுத்துகளைப் படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பலகையைக் காலால் உதைத்தேன்.

வாசலில் நிற்பவர் வாயால் விடை சொல்ல வேண்டும் என்பது விதி. ‘போகிறேன்’ என்றால் ஆட்டத்தை விட்டு நிரந்தரமாக விலகுவதாகப் பொருள். பெட்டி அவருடைய இடத்தை அழித்துவிடும், அவர் பிறகு வர முடியாது. ‘வருகிறேன்’ என்றால் இடைநிறுத்தம். அவருடைய வீடு, உருவம், கிளம்பிய கணம் எல்லாவற்றையும் பெட்டி அப்படியே நினைவகத்தில் பிடித்து வைக்கும். இருப்பவருக்கு ஒரு பங்கு இடம் என்றால், வருகிறேன் என்று போனவருக்கு மூன்று பங்கு. இதைத் தமிழாக்கிய புண்ணியவான் நல்ல அகராதி வைத்திருந்திருக்கிறார். அவர் வீட்டு வாசலில் நின்று ஒருவரையும் வழியனுப்பியதில்லை போலிருக்கிறது.

எந்தத் தமிழன் கிளம்பும்போது போகிறேன் என்பான்? இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொன்னார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை அந்தப் பெட்டி பத்திரமாக வைத்திருந்தது. இடம் போதாமல் போனதும் காட்சித் தொலைவைக் குறைத்தது. யாரும் அடிக்கடி போகாத கடலை எடுத்தது, காட்டை எடுத்தது, மலையை எடுத்தது. வராதவர்களின் வீடுகளுக்காக இருப்பவர்களின் உலகத்தைச் சுருட்டியது.

ஒரு வழியும் பலகையில் இருந்தது. வழியனுப்பியவரின் சொல்லுக்கும் பெட்டி மதிப்புக் கொடுக்கும். அனுப்பியவர் ‘வரமாட்டார்’ என்றால் அந்த இடம் அழியும். அனுப்பியவரும் போய்விட்ட வீடுகளை யாராலும் தொட முடியாது. கணக்குப் பார்த்தேன். நாங்கள் தொடக்கூடிய வீடுகள் அறுபத்தொன்று. மலை திரும்ப வருவதற்கும் அறுபத்தொன்று வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாசல் தெரியாது.

ஒவ்வொரு வீடாகப் போனேன். அந்த வீடுகளுக்குள் போயிருப்பவர்களுக்குத்தான் தெரியும் நான் கேட்டது எவ்வளவு பெரிது என்று. போனவர் வைத்துவிட்டுப் போன பாதித் தேநீர் இன்னும் சுடும். கொடியில் போட்ட ஈரத் துண்டு ஈரமாகவே இருக்கும். ஆட்கள் மனசு சரியில்லாத நாளில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அதையெல்லாம் ஒரு சொல்லில் அழிக்கச் சொல்லி நான் கேட்டேன். சிலர் என் மகளுக்காகச் சொன்னார்கள், சிலர் என் வாய்க்குப் பயந்து சொன்னார்கள். பூரணத்தக்கா மட்டும் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

“எந்த வாயால சொல்லச் சொல்லுத, பிரகாசி? நான் பெத்த புள்ளடி.”

“சோறு திங்கிற அதே வாயாலதான்” என்றேன். “என் புள்ள கையில முப்பத்தொண்ணு இருக்கு. உங்க புள்ள வீட்டுல சூடா இருக்கிறது வெறும் டீத்தண்ணி.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வீட்டைப் பார்த்துச் சொன்னார். சொன்னதும் அங்கே வீடு இல்லை, புல்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான் சொன்னது சரிதான் என்று அன்று நினைத்தேன்.

கடைசி வீடு நான் சொல்ல வேண்டியது. இன்னாசிக்காக நான் அழுது தீர்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் வீட்டுக்குள் நின்றபோது, ஏழு வருடம் என்னை இப்படி உட்கார வைத்த மனிதர்மேல் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். வீடு மறைந்தபோது வடக்கே மலை நின்றது. பத்து வருடம் பார்த்த மலைதான். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

மலையேற நாலு நாள். அமலி, நான், எங்களோடு பொன்னுத்துரை அண்ணன். அவர் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். நாங்கள் கிளம்பிய அன்று அவர் கையிலும் சிவப்பு விழுந்திருந்தது, முப்பத்தைந்து. வழியெல்லாம் நான் அமலிக்கு ஒரே பாடம்தான் நடத்தினேன். வாசலில் ‘போறேன்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு எது சொன்னாலும் நினைவகம் நிரம்பி வாசல் மறைந்துவிடும், பின்னால் வருகிற அண்ணன் மாட்டிக்கொள்வார். சின்னப்பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் போறேன் என்று சொன்னால் தொடையைக் கிள்ளியவள் நான். அபசகுனமாய்ப் பேசாதே, போயிட்டு வாரேன் என்று சொல்லு என்று எத்தனை தடவை திருப்பி உள்ளே கூப்பிட்டிருக்கிறேன். அதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரித்தாள். ஓநாய்களைப் பார்த்துக்கூட போறேன், போறேன் என்று பழகினாள். அவையும் ஒதுங்கி நின்று கேட்டன.

இரண்டாம் நாள் சிரிப்பு நின்றது. அந்தச் சொல்லைச் சொன்னபின் அவளால் என்னைப் பார்க்க வரவே முடியாது, என்னாலும் அவளிடம் போக முடியாது என்பதை இருவரும் பேசாமலே நடந்தோம்.

வாசல் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு கல்தூண், நடுவே வெளிச்சம். அமலி என்னைக் கட்டிக்கொண்டு விலகினாள். அண்ணன் இரண்டடி பின்னால் நின்றார்.

“எம்மா, போறேன்” என்றாள். தெளிவாக, பிசிறில்லாமல் சொன்னாள். ஒரு காலை உள்ளே வைத்தாள்.

“சரிட்டி, பாத்துப் போயிட்டு வா” என்றேன்.

நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. மகள் வாசலில் நின்று விடைபெறுகிறபோது ஒரு தாயின் வாய் வேறென்ன சொல்லும்? அமலி திரும்பிப் பார்த்தாள், அவள் முகத்தில் இருந்தது பயமா சிரிப்பா என்று தெரிவதற்குள் வெளிச்சம் அவளை எடுத்துக்கொண்டது. தூண்களுக்கு நடுவே சாம்பல் நிறம் இறங்கியது. பொன்னுத்துரை அண்ணன் எடுத்து வைத்த காலோடு அப்படியே நின்றார். அனுப்புகிறவரின் சொல்லுக்கும் மதிப்பு உண்டு என்று ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவள் நான்தான்.

மூட்டம் எங்களை விரட்டிக்கொண்டே ஊர்வரை வந்தது. வழியில் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பழக்கதோஷம்தானே, விடு தங்கச்சி என்றார்.

சரிசெய்ய ஒரே சொல் போதும். ‘அமலி வரமாட்டா.’ சொன்னால் மலை திரும்பி வரும், அண்ணன் பிழைப்பார். மலையில் நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன். அவள் திரும்ப மாட்டாள் என்று ஒப்புக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் தவறிச் சொன்ன அந்தச் சொல்லால் இப்போது அவள் வரக்கூடும். ஒருநாள் அந்தப் படுக்கையைப் பழுது பார்த்து அதில் வந்து படுத்தால், எம்மா என்று வாசலில் நிற்கக்கூடும். ஒரு தடவை அவளை விட்டுவிட்டேன். கைக்கு வந்ததை இரண்டாம் தடவை விட என்னால் முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அறுபது வீட்டு வாசலில் நின்று கேட்டவள் நான்.

பூரணத்தக்கா வந்தார். என் சொல்லையே என்மேல் எறியப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்படி ஏசியிருந்தால் ரோஷத்திலாவது சொல்லியிருப்பேன். “நீ சொல்லும்போது நான் பக்கத்துல நிக்கேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுத்துரை அண்ணன் தினமும் காலையில் வருவார். எதிரே உட்கார்வார். உப்பளத்துக் கதை ஏதாவது சொல்வார். கேட்க வந்ததைக் கேட்க மாட்டார். இன்று கையை மூடிக்கொண்டே பேசினார். காட்டச் சொன்னேன், அது எதுக்கு இப்ப என்று மழுப்பினார். நானே அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். பதினேழு. அதில் நாலு நாள் மலையேறுவதற்கு.

“நாளைக்குச் சொல்லிருதேண்ணே” என்றேன்.

“சரிம்மா” என்றார்.

நேற்றும் இதையேதான் சொன்னேன். அப்போது பதினெட்டு.