நூற்றைம்பது டிகிரி சாட்சி

இன்னும் இரண்டு நிமிடம்தான்.

அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

நீலத் தார்ப்பாய்க்குள் தலையை நுழைத்து, நசுங்கிக் கிடந்த சிவப்புக் காரின் இன்ஜின் பக்கம் கையை விட்டுத் துழாவினான் ஒரிஹாரா.

தார்ப்பாய்க்குள் அடுப்பங்கரைச் சூடு. கார் மோதி ஒரு மணி நேரம் ஆகியும், இன்ஜினுக்குக் காற்றை ஊதித் தள்ளும் டர்போ ஆறவில்லை. அதைச் சுற்றியிருந்த தடித்த போர்வை சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. இரண்டு நாளைக்கு முன் அந்தப் போர்வையை இறுக்கிக் கட்டியவனும் அவன்தான்.

வெளியே ஆகஸ்ட் மாத வெயில். சில்வண்டுகளின் இரைச்சல். போட்டோ எடுத்து முடித்த போலீஸ்காரர்கள் கண்ட்ரோல் ரூம் பக்கம் போயிருந்தார்கள்.

விரல் நுனி எதிலோ பட்டது.

சுர்ர்ர்...

பல்லைக் கடித்துக்கொண்டான். கத்தினால் தொலைந்தோம்!

இன்னும் கொஞ்சம் உள்ளே... பிரேக் குழாயின் வளைவு... அதன் மேல் நகத்தளவில் ஒரு ஸ்டிக்கர்.

பிய்த்தான்.

அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய சின்னத் துணிப்பையின் வாயைத் தளர்த்தி உள்ளே திணித்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். விபத்து நேராமல் காக்க வேண்டும் என்று மகள் கோயிலில் வாங்கிக் கொடுத்த தாயத்துப் பை அது. திறக்கவே கூடாது. திறந்தால் பலன் போய்விடும்.

போகட்டும். அவனுக்கு இனி எந்தப் பலனும் வேண்டாம்.

"யாரது உள்ள?"

கான்ஸ்டபிள் குரல்.

ஒரிஹாரா வெளியே வந்தான். "மெக்கானிக் சார். பெட்ரோல் ஒழுகுதான்னு பார்த்தேன்."

"ஒழுகுதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் உங்களுக்கு இப்படி வேர்த்து ஒழுகுது?"

ஒரிஹாரா நடந்தான். தீய்ந்த விரல்களைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு.

*

நடந்தது இதுதான்.

குன்மா மாகாணத்தில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ரேஸ் டிராக். ஞாயிறுதோறும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கலாம். வகானா, முப்பத்தொரு வயது, காலையில் தன் சிவப்புக் காரில் பத்துச் சுற்று ஓட்டினாள். காரை நிறுத்தி, கொஞ்சம் பார்லி டீ குடித்தாள். மறுபடி கிளம்பினாள்.

இரண்டாவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில், திரும்ப வேண்டிய கார் திரும்பவில்லை. கொடி காட்டும் ஷியோதா நின்றிருந்த கூண்டுக்குள் நேராகப் புகுந்தது.

ஷியோதாவை ஆம்புலன்ஸில் ஏற்றியபோதே முகத்தை மூடிவிட்டார்கள்.

"பிரேக் இல்ல... மிதிச்சேன், கால் தரை வரைக்கும் போச்சு..."

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வகானா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் நம்பவில்லை. காரணம், இன்ஸ்பெக்டர் மிநேகிஷி அந்த நசுங்கிய காருக்குள் எட்டிப் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. சொட்டு எண்ணெய்கூட ஒழுகவில்லை. கவனமில்லாமல் ஓட்டி உயிரைக் குடித்த வழக்கு. சிறை நிச்சயம்.

வகானா சொல்வது எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பது அங்கே ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

வேகமாக ஓடும்போது டர்போ பழுத்துச் சிவந்துவிடும். அந்தக் காரில் பிரேக் குழாய் அதை ஒட்டித்தான் போகிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு, இரண்டு போல்ட். அந்தத் தகடு இல்லாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். மிதித்தால் குமிழிதான் அமுங்கும். வண்டி நிற்காது.

சூடு தணிந்ததும் குமிழி மறைந்துவிடும். பிரேக் மறுபடி கல் மாதிரி ஆகிவிடும்.

கொன்றுவிட்டுக் கைகழுவிக்கொள்ளும் சூடு!

தகட்டைப் பூட்ட வேண்டியவன் ஒரிஹாரா. வெள்ளிக்கிழமை மதியம், கையில் ஸ்பேனரோடு குனிந்திருந்தபோது போன் அடித்தது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து. பேசிவிட்டு வந்தான்.

வந்து... போல்ட்டை இறுக்கினானா?

நினைவில்லை.

பாதி வழியில் திரும்பிப் போய் வீட்டில் கேஸை மூடினோமா என்று பார்க்கிற ஆள் அவன். அந்தச் சந்தேகப் புத்தியால்தான் குழாயின் மேல் அந்த ஸ்டிக்கரையும் ஒட்டி வைத்திருந்தான். சூட்டைக் காட்டும் ஸ்டிக்கர். அதில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். நூற்றைம்பது டிகிரி தாண்டினால் முதல் புள்ளி கறுக்கும்; அதற்குக் கீழே எண்ணெய் கொதிக்காது. நூற்றெண்பதில் இரண்டாவது. இருநூற்றுப் பத்தில் மூன்றாவது. கறுத்தது கறுத்ததுதான். ஆறினாலும் வெளுக்காது.

பிரேக் மறந்துவிடும். ஸ்டிக்கர் மறக்காது.

அதனால்தான் பிய்த்தான்.

*

நான்கு நாள்.

சோறு இறங்கவில்லை. மெக்கானிக் கடை முதலாளி நகுமோ, விரலில் கட்டைப் பார்த்துவிட்டு, டர்போவைத் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்துகொள்கிற வழக்கம் உனக்கு எப்போதிருந்து என்று கிண்டலடித்தார். ஒரிஹாரா சிரிக்கவில்லை. ஷியோதாவின் சாவுச் சடங்குக்குப் போனான். ஏற்றப் போன ஊதுபத்தி அவன் பிடியில் மூன்று துண்டாக உடைந்தது. ஷியோதாவின் அம்மா வந்ததற்கு நன்றி என்று குனிந்து வணங்கியபோது அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

புதன்கிழமை மாலை, போலீஸ் இன்னும் கைது செய்திராத வகானா அவன் வீட்டு வாசலில் நின்றாள். கையில் இனிப்புப் பெட்டி. கண்கள் வீங்கியிருந்தன.

உள்ளே வரவில்லை. பெட்டியை நீட்டினாள். அதன் அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று.

"கடைக்கு வந்தேண்ணே. நீங்க இல்ல. உங்க மேஜைக்கு அடியில இது கெடந்துச்சு. போலீஸ் கண்ணுல படக் கூடாதுன்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

தொட்டதுமே தெரிந்துவிட்டது. தகடு.

"வகானாம்மா... நான்..."

"வேணாம்ணே. மனுஷன்னா மறக்கிறதுதான். உங்களுக்குப் பொண்ணு இருக்கா. எனக்கு யாரு இருக்கா? நான் ஜெயிலுக்குப் போயிடறேன். உங்க பேரு என் வாயில வராது."

குனிந்து வணங்கினாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அறைந்திருந்தால் தூங்கியிருப்பான். இந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு எப்படி உயிர் வாழ்வது?

செய்தித்தாளைப் பிரிக்கவே இல்லை. அதையும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

*

வியாழன் காலை பத்து மணி. போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் மிநேகிஷிக்கு ஐம்பது வயது. மேஜை மேல் மின்விசிறி. அவன் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

"விரல் எப்படி இருக்கு?"

ஒரிஹாரா கையைச் சட்டைப்பைக்குள் இழுத்துக்கொண்டான்.

"நீங்க விரலை மறைச்சுக்கிட்டுப் போனதைக் கான்ஸ்டபிள் அன்னைக்கே சொல்லிட்டார். நாலு நாளா உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன். டீ குடிக்கிறீங்களா, இல்ல நேரா அழ ஆரம்பிக்கிறீங்களா?"

அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான்.

எல்லாவற்றையும் கொட்டினான். போன் அழைப்பு, பூட்டாத தகடு, கொதித்த எண்ணெய், பிய்த்த ஸ்டிக்கர். வகானா மேல் எந்தத் தப்பும் இல்லை என்றும், ஷியோதாவைக் கொன்றது தன் மறதிதான் என்றும் சொன்னான். எழுதிக்கொடுக்கிறேன், விலங்கு மாட்டுங்கள் என்று கைகளை நீட்டினான்.

மிநேகிஷி விலங்கை எடுக்கவில்லை. அவன் கொண்டுவந்து மேஜை மேல் வைத்திருந்த செய்தித்தாள் பொட்டலத்தை இழுத்துப் பிரித்தாள்.

"இந்த போல்ட் ஓட்டைகிட்ட மஞ்சளா பாதிக் கோடு இருக்கே... என்னது?"

"நான் போடற அடையாளம் மேடம். போல்ட் தலை மேல ஆரம்பிச்சு, தகட்டைத் தாண்டி, அதைத் தாங்கற இரும்பு வரைக்கும் ஒரே கோடா பெயின்ட் பேனால இழுப்பேன். அப்புறம் போல்ட் அசைஞ்சா கோடு விலகித் தெரியும்."

"எப்ப போடுவீங்க?"

"இறுக்கி முடிச்ச பிறகுதான்..."

அவன் வாய் திறந்தபடியே நின்றது.

மிநேகிஷி ஒரு போட்டோவை அவன் பக்கம் தள்ளினாள். விபத்து நடந்த அன்று, அவன் கை வைப்பதற்கு முன் எடுத்தது. தகடு இருக்க வேண்டிய இடம் காலி. அதைத் தாங்கும் இரும்பில், ஓட்டையின் ஓரம்... மீதிப் பாதிக் கோடு. மஞ்சள்.

"நீங்க பூட்டியிருக்கீங்க. யாரோ கழட்டியிருக்காங்க."

"யாரு?"

"சனிக்கிழமை காரை எடுத்துட்டுப் போனது யாரு?"



"இல்ல மேடம்... அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல. பிரேக் இல்லாம அவளே செத்திருப்பாளே?"

"பிரேக் இல்லாம போயிருந்தா. ஷியோதாவும் வகானாவும் மூணு வருஷம் கல்யாணம் பண்றதா இருந்தவங்க. அடுத்த மாசம் ஷியோதாவுக்குக் கல்யாணம். பொண்ணு, வகானாவோட தங்கச்சி. அக்கா நேரா ஓட்டிட்டுப் போய் மோதினா கொலை. பிரேக் வேலை செய்யலன்னு யாராவது அழுதுட்டு வந்து ஒத்துக்கிட்டா வெறும் விபத்து. அழறதுக்கு ஆள் வேணும். தன்னையே சந்தேகப்படற ஆளா இருந்தா நல்லது."

ஒரிஹாராவின் காதில் அந்தக் குரல் திரும்ப ஒலித்தது. மனுஷன்னா மறக்கிறதுதான்...

"ஆனா இதுவரைக்கும் நான் சொன்னது பாதிதான்" என்றாள் மிநேகிஷி. "தகட்டை அவதான் கழட்டினான்னு வெச்சுக்கிட்டாலும், நெஜமாவே எண்ணெய் கொதிச்சிருக்கலாம். கொதிச்சுதா இல்லையான்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஸ்டிக்கரை எடுங்க."

சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்தான். அவன் விரல்களால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவள் அவிழ்த்தாள். இடுக்கியால் இழுத்து வெள்ளைத் தாள் மேல் போட்டாள்.

அது குப்புற விழுந்தது.

ஒரிஹாரா கண்களை மூடிக்கொண்டான்.

அவள் திருப்பிப் போட்டாள்.

"பாருங்க."

"வேணாம் மேடம்..."

"பாருங்க ஒரிஹாரா."

பார்த்தான்.

மூன்று புள்ளிகள்.

மூன்றும் வெள்ளை. பால் மாதிரி வெள்ளை!

தகடு இல்லாமலும் அந்தக் குழாய் நூற்றைம்பதைத் தொடவில்லை. அவன் கட்டிய போர்வை, பானட்டில் அவன் வெட்டிய காற்றுத் திறப்பு, குழாய் மேல் அவன் சுற்றிய, சூட்டைத் திருப்பியனுப்பும் தங்க நிற நாடா... மூன்றும் சேர்ந்து சூட்டைக் குழாயை அண்டவிடாமல் தடுத்திருந்தன. எண்ணெய் கொதிக்கவில்லை. பிரேக் கடைசி வரை இருந்தது.

அவள் மிதிக்கவில்லை. அவ்வளவுதான்.

மிநேகிஷி எழுந்தாள். போனில் யாரிடமோ வகானாவின் வீட்டு விலாசத்தைச் சொல்லி, இரண்டு வண்டி போகட்டும் என்றாள். பிறகு அதே போட்டோவைப் பெரிதாக்கிய பிரதி ஒன்றைக் காட்டினாள். பிரேக் குழாயின் மேல் அந்த ஸ்டிக்கர் தெளிவாக இருந்தது. மூன்று வெள்ளைப் புள்ளிகளோடு.

"முதல் நாள்லேர்ந்து ஃபைல்லயே இருக்கு. 'சின்ன ஸ்டிக்கர், பயன் தெரியவில்லை'ன்னு நானே எழுதி வெச்சிருந்தேன்."

ஒரிஹாரா அந்தப் போட்டோவைத் தன் பக்கம் இழுத்து மூன்று புள்ளிகளையும் எண்ணினான். பின்பு தணிந்த குரலில், வழக்கின் சாட்சியப் பொருளைத் திருடியதற்குத் தனக்கு என்ன தண்டனை என்று கேட்டான்.

"அதுக்குத் தனியா ரிப்போர்ட் உண்டு. இப்போதைக்கு ஒரு புத்திமதி."

மிநேகிஷி தாயத்துப் பையை முடிச்சுப் போட்டு அவன் கையில் வைத்தாள்.

"அடுத்த தடவை எதையாவது திருடினா, திருடினதை ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்துடுங்க!"