நிறம் மாறாத சோதனைக் குழாய்

சனிக்கிழமை காலை. நீச்சல் குளத்தின் படியில் பத்து வயது டெஸ்ஸா கிடந்தாள். இடுப்புவரை தண்ணீரில், மேல்பாதி கரையில். வாய் திறந்திருந்தது, மூச்சு மட்டும் உள்ளே போகவில்லை. சாப்பிடக் கூப்பிட வெளியே வந்த அம்மா மார்னி, விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

மதியத்துக்குள் டெஸ்ஸா மருத்துவமனையில் மூச்சுக் கருவியோடு இருந்தாள். வீட்டு வாசலில் போலீஸ் கார் நின்றது. இறங்கியவர் டெல்ஃபினா பாக்கா. பாலைவன ஊரான ஃபீனிக்ஸின் புறநகரில் பல வருடமாகத் துப்பறிபவர். முன்கோபி. வெயிலில் நிற்கவைத்துப் பேசுபவர்களை அவருக்குப் பிடிக்காது. ஜூலை மாதத்தில் எங்கள் ஊரில் யாருக்குத்தான் பிடிக்கும்?

டெஸ்ஸாவின் அப்பா கர்ட் குளத்தங்கரை வெயிலிலேயே நிற்கவைத்துப் பேசினான்.

"எமெட்தான் மேடம். குளம் சுத்தம் பண்றவன். போன மாசம் நிறுத்திட்டேன். உப்பு மெஷின் வாங்கியாச்சு, இனி நீ எதுக்குன்னு சொன்னேன். 'மெஷினை நம்பிப் பிள்ளையை இறக்குறியா, இறக்கு, பார்ப்போம்'னு கத்திட்டுப் போனான்."

தண்ணீரில் கரைந்த உப்பை மின்சாரத்தால் குளோரினாக மாற்றும் மெஷின் அது. எங்கள் தெருவில் அது இல்லாத வீட்டை இப்போது ஏழை வீடு என்கிறார்கள்.

"அவன் இங்க வந்தானா?"

"செவ்வாய்க்கிழமை. வாசல் கேமராவில இருக்கு. நாங்க அஞ்சு நாள் மலைப்பக்கம் ஃப்ளாக்ஸ்டாஃப்ல இருந்தோம். புழுதிப் புயல் வரும்னாங்க, அதனால குளத்துக்கு மூடியை இழுத்துவிட்டுட்டுப் போனேன். நேத்து வந்து திறந்து டெஸ்ட் பண்ணினா குளோரின் ஜீரோ. ராத்திரியும் நிறுத்தாம மெஷினை ஓட விட்டேன். காலையில மறுபடி ஜீரோ. ரெண்டு கேன் குளோரின் வாங்கிட்டு வந்து படிப்பக்கம் ஊத்தினேன். அப்பவும் ஜீரோ! அவன் எதையோ கலந்திருக்கான். அது குளோரினைத் தின்னுது."

"ஊருக்குப் போகும்போது மெஷின் ஓடிச்சா?"

"ஓடாம? ஜூலை வெயிலுக்கு அதைப் பகல் முழுக்க நூறு சதவீதத்துலதான் வெச்சிருப்பேன். எல்லாரும் அப்படித்தான் வெப்பாங்க."

பாக்காவின் போன் அடித்தது. மருத்துவமனை டாக்டர்.

"குளோரின் இல்லவே இல்லை, யாரோ எதையோ கலந்திருக்காங்கன்னு அப்பா சொல்றாரு. அதனால பூச்சி மருந்தா இருக்கும்னு அதுக்கான மருந்து கொடுத்துட்டிருக்கோம். பிள்ளை இன்னும் மோசமாகுது. ஆஸ்துமா வேற இருக்கு. உள்ள போனது என்னன்னு இன்னிக்குள்ள தெரியணும் மேடம்."

தண்ணீர் மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருந்தது. பதில் திங்கட்கிழமைதான் வரும். எமெட்டை ரோந்து போலீஸ் பிடித்துக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்திருந்தது. பாக்கா ஜன்னலை இறக்கினார்.

"செவ்வாய்க்கிழமை எதுக்கு வந்த?"

"குப்பை அள்ளுற என் வலைக்கம்பை இங்கயே விட்டுட்டேன். எடுத்துட்டுப் போனேன்."

"குளத்துல என்ன போட்ட?"

"குளம் மூடிக் கிடந்துச்சு மேடம். துப்பக்கூட இடமில்ல."

"குளோரின் ஜீரோவாம்."

எமெட் சிரித்துவிட்டான். "அப்ப மெஷின் செத்திருக்கும். வாங்கின அன்னைக்கே சொன்னேன், கேட்டாரா தொரை?" உடனே சிரிப்பு நின்றது. "பாப்பா பொழைச்சுக்கும்ல?"

பாக்கா குளத்துக்குத் திரும்பினார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். பிள்ளைகள் வழக்கு என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஆழப் பகுதியின் அடியில் ஒரு ஹேர்பின் கிடந்தது. அதிலிருந்த பூவுக்கு எத்தனை இதழ் என்று கரையிலிருந்தே எண்ண முடிந்தது. ஏணியில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. தண்ணீருக்கு மேலே ரத்தச் சிவப்பு, தண்ணீருக்குள்ளே வெளிறிய ரோஜா நிறம்.

"இந்தக் கயிறு பழசா?"

"போன வாரம்தான் நான் கட்டினேன்," என்றாள் மார்னி. வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டெஸ்ஸாவின் உடைகளை எடுத்துப்போக மருத்துவமனையிலிருந்து வந்தவள்.

பாக்கா மெஷின் பக்கம் போனார். பச்சை விளக்கு எரிந்தது. தண்ணீர் ஓடும் கண்ணாடிக் குழலுக்குள் தகடுகளிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளைக் குமிழிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"மிஸ்டர் கர்ட், எப்படி டெஸ்ட் பண்ணீங்க? என் எதிர்ல ஒரு தடவை பண்ணுங்க."

கர்ட் சின்னக் குழாயில் குளத்துத் தண்ணீரை மொண்டான். மருந்துச் சொட்டுகளை விட்டான். குளோரின் இருந்தால் ரோஜா நிறம் வரவேண்டும். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு கணம் ரோஜா நிறம் மின்னி மறைந்தது. தண்ணீர் மறுபடி தெளிந்தது. நிறமே இல்லாமல் நின்றது.

"பார்த்தீங்களா? ஜீரோ."

"முதல்ல மின்னிச்சே, அது என்ன?"

"அது எப்பவும் வரும்... நேத்திலிருந்து வருது."

பாக்கா தன் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்தார். இன்னொரு குழாயில் குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, பாட்டில் தண்ணீர் ஒன்பது பங்கு. அதே சொட்டுகள்.

குழாய் அடர்ந்த ரோஜா நிறத்தில் நின்றது. மறையவில்லை.

"பத்துல ஒரு பங்குக்கே இந்த நிறம்," என்றார் பாக்கா. "குளோரின் அளவுக்கு மீறினா சோதனை மருந்தோட நிறத்தையே வெளுத்துடும். கயிறை வெளுத்த மாதிரி. உங்க குழாய் காட்டினது ஜீரோ இல்ல, வழிஞ்சு போற அளவு."

போனில் டாக்டரிடம் ஒரே வரி சொன்னார்: "குளோரின். நிறைய." பிறகுதான் மூச்சு விட்டார்.

மார்னி கேட்டாள். "அப்ப எமெட்?"

"அவன் எதையும் தொடலை. ஜூலையில இந்த ஊர்ல குளோரின் இல்லாத குளம் ரெண்டே நாள்ல பாசி பிடிச்சுப் பச்சையாகும். இதுல அடியில கிடக்கிற ஹேர்பின் தெரியுது. அதைத்தான் யாரும் யோசிக்கலை. வெயில்தான் தினமும் குளோரினைத் தின்னும், அதுக்காகத்தான் மெஷினை நூறுல வெக்கிறாங்க. நீங்க மூடியைப் போட்டு வெயிலை நிறுத்தினீங்க, மெஷினை நிறுத்தலை. அஞ்சு நாள் இருட்டுல அது செஞ்சது எல்லாம் அப்படியே தேங்கிடுச்சு. அதுக்கு மேல ராத்திரி முழுக்க ஓட்டம். அதுக்கு மேல ரெண்டு கேன். பிள்ளை இறங்குற படியிலயே." பாக்கா கர்ட்டைப் பார்த்தார். "இதைச் செஞ்சது நீங்கதான் மிஸ்டர் கர்ட்."

கர்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். கையில் இன்னும் அந்தக் குழாய் இருந்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் பாக்கா. " இறங்குறப்ப டெஸ்ஸா ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

"கர்ட்," என்றாள் மார்னி.

அவன் கையிலிருந்த குழாயைப் பார்த்தான். "அப்பா கண்ணு எரியுதுன்னா. குளோரினே இல்லடா, எது எரியும், நாடகம் போடாம இறங்குன்னு சொன்னேன்... குழாயை எடுத்துக் காட்டினேன் மார்னி. பாரு, ஜீரோன்னு காட்டினேன்."

மார்னி டெஸ்ஸாவின் உடைப் பையைத் தூக்கினாள். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். பாக்கா வெளியே வந்து எமெட்டின் விலங்கை அவிழ்த்தார். அவன் மணிக்கட்டைத் தேய்த்தபடி, கர்ட் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கேலி எதுவும் சொல்லாமல் நடந்தான்.

சாயங்காலம் பாக்காவுக்கு டாக்டர் போன் செய்தார். மருந்தை மாற்றியாகிவிட்டது. கருவியை எடுத்தாகிவிட்டது. பிள்ளை தானாக மூச்சு விடுகிறாள், பேசவும் செய்கிறாள்.

"என்ன பேசினா?"



"எரிஞ்சது நிஜம்னு அப்பாகிட்ட யாராவது சொன்னீங்களான்னு கேட்டா."