மூக்கு தெளிந்த காசு

நேற்றுச் சாயங்காலம் வரை அந்தக் காசில் மூக்கு இல்லை. காலையில் லென்சை வைத்துப் பார்த்தால், இருந்தது.

கண்ணாடிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். தன் கண்ணையே நம்பாவிட்டால் வேறு யாரை நம்புவது? வீட்டின் முன்னறைதான் கடை. ஆள் வராத நேரமெல்லாம் அவருக்கு ரோமானியக் காசுதான். மண் அப்பியபடியே வாங்கி, நீரில் ஊறப்போட்டு, பல்குச்சியால் நிமிண்டி நிமிண்டி முகத்தை வெளியே கொண்டுவருவார். ராணி என்றால் கொண்டையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். ஒவ்வொருத்திக்கும் ஒரு சிங்காரம். இந்தக் காசில் இருந்தவளின் கொண்டை மட்டும் அடுப்படி வேலைக்கு நடுவே அள்ளி முடிந்த மாதிரி இருந்தது. எவளோடும் ஒத்துப்போகவில்லை. பச்சைக் களிம்பு தெரிந்ததும், அதற்கு மேல் சுரண்டாமல் கையை எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆசை யாரை விட்டது, இன்னும் ஒரு சுரண்டு, இன்னும் ஒரு சுரண்டு என்று ஒரு வாரம் ஓடிவிட்டது.

"யாருங்க அந்த மகராசி?" மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என் மூஞ்சிய இப்படி ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா" என்றார், தலை நிமிராமல்.

"எனக்கே தெரியல. போன் கூட என் மூஞ்சிய அடையாளம் கண்டு திறக்க மாட்டேங்குது. வயசாகுதில்ல. இந்தக் கண்ணாடி வேற வழுக்கிட்டே இருக்கு, கொஞ்சம் இறுக்கி விடுங்க."

இறுக்கினார். வழுக்கியது. மூக்கில் உட்காரும் சின்னத் தாங்கிகளை முடிந்தமட்டும் நெருக்கி மாட்டினார். அப்போதும் வழுக்கியது. எரிச்சலோடு கட்டைவிரலால் அவள் மூக்குத்தண்டைத் தடவிப் பார்த்தார். தண்டு இல்லை. தினம் குளித்துத் தேய்ந்த சோப்பு போல, லேசாக ஒரு மேடு.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போனதும் காசைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். தெளிந்திருந்த மூக்கின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளம். பல வருஷம் கண்ணாடி அழுத்தி விழுகிற பள்ளம். எந்த ரோமானிய ராணி மூக்குக்கண்ணாடி போட்டாள்?

பல்குச்சி கையிலிருந்து விழுந்தது. ஐயோ, நானே சுரண்டினேனே. நானே.

எடுத்த மண்ணையே திருப்பி வைத்தால் என்ன? காசு ஊறிய கிண்ணத்தின் அடியில் தங்கிய சேற்றை வழித்து, விரலால் காசின் மூக்கில் அப்பினார். கன்னத்தில், வாயில். மூடிவிடு. எல்லாவற்றையும் மூடிவிடு.

உள்ளே பாத்திரம் உருண்டது. "என்னங்க... மூச்சு..."

அதற்கு மேல் குரல் வரவில்லை. தரையில் குதிகால் உதைக்கிற சத்தம் மட்டும்.

பதறிப்போய் வேட்டி நுனியால் காசைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். உதைக்கிற சத்தம் நின்றது. இழுத்து இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று லென்சை எடுத்துக் காசின் மேல் குனிந்தார். துடைத்த இடத்தில் உதடு துலங்கியிருந்தது. மேலுதடு. கீழுதடு. ஓரத்தில் அவளுடைய அந்தச் சின்ன மச்சம் கூட.

மூடினால் மூச்சு நிற்கும். துடைத்தால் முகம் போகும். சும்மா இருந்தாலும் அது தன்னால் தெளிந்துகொண்டுதான் இருந்தது.

"ஏம்மா" என்றார். "ஏதாவது பேசும்மா."

நிலைப்படியில் வந்து நின்றாள். மூக்கிலிருந்து தாடை வரை வழவழவென்று ஒரே தோல். வாய் இருந்த இடத்தை இரண்டு விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

அவர் கையில், காசுக்கு மேலே பிடித்திருந்த லென்சில், ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.