எதற்கும் இருக்கட்டும்

செவ்வாயின் மூன்றாம் கூடாரத்தில் பல் துலக்குவதற்கு முன் உதடு பார்ப்பார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு வண்ண அட்டை தொங்கும்; சிவப்பில் தொடங்கி, காற்று குறையக் குறைய உதடு போகும் நீலத்தில் முடியும். அன்று காலை தேனம்மையின் உதடு நீலத்துக்கு ஒரு கட்டம் முன்னால் இருந்தது. நான்கு வயதுக் குழந்தை, மூச்சு வாங்கிக்கொண்டே பாலைக் குடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா சுகிர்தாவுக்கு, உடன் வேலை பார்க்கும் பரஞ்சோதியின் முகம் நினைவுக்கு வந்தது.

கூடாரத்துக்குள் எவ்வளவு காற்று விடவேண்டும் என்பதை எண்மூளை என்ற கணிதப்பொறி கணக்கிட்டது. ஆள் கணக்கும் சூத்திரங்களும் ஒரு கட்டளைக் கோப்பில் இருக்கும். அதை எழுதிப் பொது அலமாரியில் வைப்பது பரஞ்சோதியின் வேலை. தினமும் அதன் பெயரைச் சொல்லிப் பொறிக்குள் ஏற்றுவது சுகிர்தாவின் வேலை. அலமாரி என்றதும் மரத்தையும் பூட்டையும் நினைக்க வேண்டாம். எண்மூளையின் நினைவில் ஒதுக்கிய இடம், அவ்வளவுதான். ஆளுக்கொரு சொந்த அலமாரியும் உண்டு.

பரஞ்சோதி இரண்டாம் கூடாரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தேவைக்கு மேல் சிரிப்பார். சந்தேகப்பட அதுவே சுகிர்தாவுக்குப் போதுமானதாக இருந்தது. போன கப்பலில் புதிதாக இருநூறு பேர் வந்து இறங்கியதிலிருந்து காற்று மெலிந்துகொண்டே போனது. அவருடைய கோப்பை அவள் திருட்டுத்தனமாக எடுத்து வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. பிழை தெரியாதபடி பிழை வைக்கத் தெரிந்த ஆள் என்று சந்தேகம் இன்னும் முற்றியது.

அன்று அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே கேட்டுவிட்டாள்.

“சார், என் பொண்ணு மூச்சு விட முடியாம தவிக்கிறா. ரெண்டாம் கூடாரத்துல இருக்கிற உங்க அண்ணன் வீட்டுக்கு இங்கேருந்து எவ்வளவு காத்து போகுது?”

பரஞ்சோதியின் சிரிப்பு நின்றது. “என் வீட்லயும் குழந்தைங்க இருக்கு மேடம். கப்பல் வந்த அன்னிக்கே ஆள் கணக்கைத் திருத்திட்டேன். தினம் கொஞ்சம் கூட்டியும் எழுதிப் பார்க்கறேன். காத்து ஏற மாட்டேங்குது. உள்ள ஏத்தறப்ப நீங்கதான் ஏதோ பண்றீங்கன்னு நெனச்சிட்டிருக்கேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி பொறியின் முன் போய் நின்றார்கள்.

“நீ எந்தக் கோப்பை எடுத்துக் கணக்குப் போடற?” என்றாள் சுகிர்தா.

“ஏற்றுபவரின் சொந்த அலமாரியில் முதலில் தேடுவேன்” என்றது எண்மூளை. “அந்தப் பெயரில் அங்கே கோப்பு இல்லாவிட்டால்தான் பொது அலமாரிக்குப் போவேன். உங்கள் அலமாரியில் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது.”

“இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“கேட்கவில்லை. இருவருமே மற்றவரைப் பற்றித்தான் என்னிடம் கேட்டீர்கள்.”

சுகிர்தாவுக்கு நினைவு வந்தது. பரஞ்சோதி பணியில் சேர்ந்த அன்று, இந்த ஆளை நம்ப முடியாது, எதற்கும் இருக்கட்டும் என்று அப்போதிருந்த நல்ல கோப்பை நகலெடுத்துத் தன் அலமாரியில் போட்டிருந்தாள். அந்தக் கோப்பில் பிறகு கப்பலில் வந்த இருநூறு பேரும் இல்லை. மகளின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தன் கைதான்.

அன்றைக்குப் பொது அலமாரியைக் குறிப்பிட்டுச் சொல்லி அங்கிருந்த கோப்பை ஏற்றினார்கள். சாயங்காலம் தேனம்மையின் உதடு சிவந்திருந்தது. சுகிர்தா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நிர்வாகம் வேலையை மாற்றிக் கொடுத்தது. இனி சுகிர்தா எழுதுவாள், பரஞ்சோதி ஏற்றுவார். பழைய நகலை அழித்துவிடலாமா என்று எண்மூளை கேட்டபோது, “வேணாம், ஒரு ஓரமா இருக்கட்டும்” என்றாள் அவள்.

பரஞ்சோதி அதைக் கவனித்தார். நாளைக்கு இந்த அம்மா என்ன எழுதி வைப்பாரோ, யார் கண்டது? அவள் வீட்டுக்குப் போனதும், சரியாக ஓடிக்கொண்டிருந்த கோப்பை நகலெடுத்து அதே பெயரில் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். எண்மூளை அங்கேதான் முதலில் தேடும் என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதனால்தான் வைத்தார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த கப்பலில் முந்நூறு பேர் வருவதாக இருந்தது.