பானெட்டின் அந்தப் பக்கம்

துருவேறிய போல்ட் விரலால் திருகியதுமே கழன்று வந்தது. தம்பிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நேற்று எண்ணெய் ஊற்றி, ஸ்பேனரில் குழாயை மாட்டித் தொங்கியும் அசைந்து கொடுக்காத சனியன் அது. இன்று தானாக வழுக்கிக்கொண்டு வருகிறதென்றால் யாரோ முன்னாடியே தளர்த்தியிருக்க வேண்டும். ஷெட்டுச் சாவியோ ராத்திரி முழுக்க அவன் தலைமாட்டில்தான் கிடந்தது.

"எண்ணெய் இறங்கியிருக்கும், வேறென்ன," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

அண்ணனும் அவனும் சேர்ந்து வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அண்ணன் போய்ச் சேர்ந்து அழுகை ஓய்வதற்குள், "ஓட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்கு அண்ணி இது?" என்று கேட்டு எடுத்து வந்துவிட்டான். அண்ணி சாவியைக் கையில் தரவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வந்தபின் பார்த்தால் கீல் இரண்டும் தேய்ந்துபோய், பானெட் ஒரு பக்கமாகச் சரிந்து கடகடவென்று ஆடியது.

மற்ற கார்களைப் போல வெறும் தகடு அல்ல அந்த பானெட். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த முழு மூஞ்சி. முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். கீல்கள் மூக்கடியில். மாற்றுவதென்றால் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். திறந்து நின்றால் சுவர் மாதிரி மறைக்கும், அந்தப் பக்கத்து ஆள் தெரியாது. அதற்காக அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். மோதிரத்தால் தகட்டில் இரண்டு தட்டு: பிடிச்சிருக்கேன், நீ உள்ளே போ. ஒரே தட்டு: விடப்போறேன், தள்ளிக்கோ.

ஆஸ்பத்திரியில் வாய் கோணிப் பேச்சுப் போன பிறகும் அண்ணன் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தானாம். "ஒரு தட்டு தட்டுவார், வாசலைப் பார்ப்பார். மறுபடி ஒரு தட்டு. எங்களுக்கு ஒரு மண்ணும் விளங்கல," என்று அண்ணி அழுதாள். தம்பிக்கு விளங்கியது. அந்த வாசலுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். பேச்சு முறிந்த சண்டை, அண்ணனாகக் கூப்பிடட்டும் என்ற வீம்பு. பாழாய்ப்போன வீம்பு!

மத்தியானமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் அது கொட்டிய இரைச்சலில் மற்ற சத்தமெல்லாம் அரைகுறையாகத்தான் கேட்டது. ஈர மண்ணும் பழைய பெட்ரோலும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. பானெட்டை உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிட்டு, பழைய கீல்களைக் கழற்றிப் புதியதை வைத்துப் பார்த்தான். துளை சேரவில்லை. கொஞ்சம் தூக்கினால் போதும்.

"இந்தாம்மா! வந்து அந்தப் பக்கம் பிடியேன்!" என்று வீட்டைப் பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் ஈரத் தரையில் காலடி இழுபட்டது. பானெட் பஞ்சுபோல் எழும்பியது.

டொக், டொக்.

பரவாயில்லையே, எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று சிரித்துக்கொண்டான். கயிறு ஒரு பக்கமாக இழுத்ததால் துளை இன்னும் விலகி நின்றது. ஆள்தான் பிடித்திருக்கிறதே என்று முடிச்சை அவிழ்த்துவிட்டு, காரின் இரும்புச் சட்டத்துக்கும் பானெட்டுக்கும் நடுவே தலையையும் தோளையும் நுழைத்தான். துளை கச்சிதமாகச் சேர்ந்தது. போல்டைத் தேடினான்.

தைல வாசனை. அண்ணன் தோள்பட்டைக்குத் தேய்க்கும் தைலம்.

"என்னங்க! கேட்டைத் திறங்க!" தெருவிலிருந்து மனைவியின் குரல். "கடைக்குப் போய்ட்டு வர்றவளை இப்படியா மழையில நிக்கவைப்பீங்க?"

தலையை இழுத்தான். தோள் சட்டத்தில் சிக்கியது. மெதுவாகத்தான் வெளியே வர முடியும். யாராவது பிடித்திருந்தால்தான் முடியும்.

"அண்ணே," என்றான். "நான் வந்திருந்தேண்ணே. வெளியிலதான் இருந்தேன். கேட்டுச்சுண்ணே. எல்லாம் கேட்டுச்சு."

பானெட் அசையவில்லை.

சக்கர வளைவின் இடுக்கில் விளிம்பைப் பற்றிய விரல்கள் தெரிந்தன. வெளுத்த விரல்கள். புறங்கையில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. மோதிர விரல் மட்டும் மெல்ல உயர்ந்தது.

டொக்.

மழை கொட்டியது. வெளியே மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தம்பி கண்ணை இறுக மூடி, இரண்டாவது தட்டுக்காகக் காத்துக் கிடந்தான்.